அரிசி வந்துடுச்சு, குழம்பு வரல

இந்த மாதப் பாடம் நம் அடுப்படியைப் பற்றியது.

சென்னையில் அடையாறு, கூவம் கரைகளில் குடியிருந்த குடும்பங்கள் 2000-ம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் இன்னும் பல குடும்பங்கள் போயின. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். அதனால் அங்கே சாப்பாட்டுக்கு என்ன குறை என்று பலர் நினைக்கிறார்கள். அங்குள்ள ஒரு அக்கா எங்களிடம் சொன்னார்: "அரிசி வந்துடுச்சு மேடம், குழம்புதான் வரல."

யோசித்துப் பாருங்கள். பழைய இடத்தில் மார்க்கெட் முடியும் நேரத்தில் போனால் கூறு கட்டின காய் மலிவாகக் கிடைக்கும். மளிகைக் கடை அண்ணாச்சி முகம் பார்த்துக் கடன் கொடுப்பார். நெத்திலியோ மாட்டுக்கறியோ நடந்து போய் வாங்கலாம். வேலை செய்யும் வீட்டில் காலை டிபன் உண்டு. வெகுதூரம் தள்ளிப் போனதும் இதெல்லாம் அறுந்து போச்சு. பழைய வேலைக்கே போக விடியற்காலையில் பஸ் பிடிக்கும் அம்மா எப்போது குழம்பு வைப்பார்? பிள்ளை கையில் சிப்ஸ் பாக்கெட். இதைப் பொறுப்பில்லாத்தனம் என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எங்களுக்குக் கோபம்தான் வருகிறது.

விருந்தாளி வந்தால் ரேஷன் அரிசியை மறைக்கிற பழக்கமும் நம்மிடம் உண்டு. எதற்கு மறைக்க வேண்டும்? 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதை உரிமை என்கிறது. அதன் 13-வது பிரிவில், ரேஷன் கார்டுக்கு வீட்டின் மூத்த பெண்தான் குடும்பத் தலைவி.

குழம்புக்கு வேண்டிய துவரம் பருப்பும் பாமாயிலும் 2007 முதல் ரேஷனில் குறைந்த விலைக்குத் தரப்படுகின்றன. "ஸ்டாக் இல்ல, நாளைக்கு வாம்மா" என்று திருப்பி அனுப்பினால் செல்போனை எடுத்துப் பாருங்கள். வாங்காத பொருளை வாங்கியதாக எஸ்.எம்.எஸ். வந்திருந்தால் அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. 1967-க்குப் புகார் சொல்லலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், குறைதீர் முகாம் நடக்கும் நாளில் குழுவாகப் போகலாம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு வேலை. போன வாரம் எத்தனை நாள் குழம்பு வைத்தோம், வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது யார், சட்டியில் அவருக்கு என்ன மிச்சம் இருந்தது? சேமிப்பு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு ஊக்குநர் எழுதித் தரவும்.