நீர் அறிந்து செல்லும் வழி

மேற்கு ஆஸ்திரேலியாவில் விலூனா என்னும் சிற்றூரிலிருந்து வடக்கேயுள்ள ஹால்ஸ் கிரீக் வரை மணற்பாதையொன்று செல்கிறது. கேனிங் கால்நடைப் பாதை என்பது அதன் பெயர். ஏறத்தாழ 1850 கிலோமீட்டர் நீளமுடைய இப்பாதை பாலைநிலங்களை ஊடறுத்து, தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகளைக் கடக்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஊர்திகளே இதற்கு ஏற்றவை. மோட்டார் சைக்கிளில் செல்வோர் எரிபொருளையும் நீரையும் சுமந்துவரத் துணை ஊர்தியொன்றை நாடுவர். இரண்டு, மூன்று வாரங்கள் நீளும் இப்பயணத்திற்குப் பல மாதங்களுக்கு முன்பே தாளும் எழுதுகோலுமாக அமர்ந்து கணக்கிடுகின்றனர்.

சுமையும் கணக்கும்

பாதையின் நடுப்பகுதியில் எரிபொருள் கிடைக்கும் இடம் குனவரிட்ஜி என்னும் தொல்குடிக் குடியிருப்பு ஒன்றே. அதை அடையும்வரை ஊர்தி தன் தேவையைத் தானே சுமந்தாக வேண்டும். நல்ல சாலையில் நூறு கிலோமீட்டருக்கு 12 லிட்டர் டீசல் செலவிடும் ஊர்தி, மணலில் 20 லிட்டர் வரை கேட்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு 200 லிட்டர் என்றால் அதன் எடை மட்டும் 170 கிலோகிராம் ஆகும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் நீர் எனக் கொண்டால், இருவருக்கு இருபது நாளுக்கு 200 லிட்டர் வேண்டும். இவற்றோடு உணவு, உதிரிப் பாகங்கள், இரண்டு மாற்றுச் சக்கரங்கள், மீட்புக் கயிறு, செயற்கைக்கோள் தொலைபேசி ஆகியனவும் சேர்கின்றன. எடை கூடக்கூட எரிபொருள் கூடுதலாகத் தேவைப்படும். கூடுதல் எரிபொருளும் எடையே. இந்தச் சுழலிலிருந்து விடுபட ஒரு வழிதான் உண்டு: எந்தக் கிணற்றில் நல்ல நீர் கிடைக்கும் என்பதை முன்னரே கேட்டறிந்து, சுமக்கும் நீரைக் குறைப்பது.

சிறியனவாகத் தோன்றும் சில செய்திகளும் உயிர்காப்பவை. சதுர அங்குலத்திற்கு 36 பவுண்டாக இருக்கும் டயர் அழுத்தத்தை 18 அல்லது 20-ஆகக் குறைத்தால் டயர் அகன்று மணலில் புதையாமல் செல்லும். மேட்டின் மறுபுறம் வரும் ஊர்தி கண்ணுக்குத் தெரியாது; ஆதலால் உயர்ந்த கம்பத்தில் கொடி கட்டுவர். ஸ்பினிஃபெக்ஸ் என்னும் கூரிய புல்லின் விதைகள் குளிர்விப்பானை அடைத்து எந்திரத்தைச் சூடேற்றும். அப்புல் ஊர்தியின் அடியில் புகைக்குழாயருகே சேர்ந்து தீப்பற்றுவதும் உண்டு. எனவே நாள்தோறும் பலமுறை ஊர்தியின் அடியில் படுத்துப் புல்லை அகற்றுதல் வேண்டும். பயணப் பட்டியலில் எவரும் விரும்பி எழுதாத வேலை இது. கடுங்கோடையில் இப்பாதையில் செல்வது அறிவுடைமையன்று. மே முதல் செப்டம்பர் வரையிலான குளிர்ந்த மாதங்களே உரியவை.

சங்கிலியும் கிணறும்

இப்பாதையை முதன்முதலில் திட்டமிட்டவருக்கும் நீரே சிக்கலாக இருந்தது. வடக்கே கிம்பர்லிப் பகுதியின் மாடுகளைத் தெற்கேயுள்ள தங்கச் சுரங்க ஊர்களுக்கு ஓட்டிவர வழி காணுமாறு ஆல்ஃபிரட் கேனிங் என்னும் நில அளவையாளர் 1906-இல் அனுப்பப்பட்டார். எட்டுப் பேர், 23 ஒட்டகங்கள், இரண்டு குதிரைகள் கொண்ட குழு அது. மந்தை ஒருநாள் நடக்கும் தொலைவில் அடுத்த நீர் இருத்தல் வேண்டும். அந்நீர் எங்குள்ளது என்பது பாலையில் வாழ்ந்த தொல்குடியினருக்கே தெரியும். கேனிங் அவர்களைப் பிடித்துச் சங்கிலியால் பிணைத்து நீரிடங்களைக் காட்டச் செய்தார். குழுவின் சமையற்காரர் இதுகுறித்து முறையிட, 1908-இல் அரசு ஆணையம் உசாவியது. சங்கிலியைப் பயன்படுத்தியதைக் கேனிங் மறுக்கவில்லை. எனினும் ஆணையம் அவரைக் குற்றத்திலிருந்து விடுவித்தது.

1910-க்குள் ஏறத்தாழ ஐம்பது கிணறுகள் அமைந்தன. அவற்றுள் பல, தொல்குடியினர் கையால் தோண்டி நீர் அருந்திய ஊற்றுகளின் மேலேயே வெட்டப்பட்டவை. ஆழமான கிணறும் கனமான வாளியும் அவர்களை அவர்களது நீரிலிருந்தே விலக்கின. அவர்கள் பல கிணறுகளைச் சிதைத்தனர். இத்துணை இன்னலில் உருவான பாதையில் மிகச் சில மந்தைகளே சென்றன. 1959-க்குப் பின் அதுவும் நின்றது. 1968-இல் ஊர்திகள் முதன்முறையாக முழுப்பாதையையும் கடந்தன.

இசைவு பெறுதல்

பாதை கடக்கும் நிலங்களின்மீது தொல்குடியினருக்குள்ள உரிமையை நீதிமன்றங்கள் இன்று ஏற்றுள்ளன. மார்து மக்களின் உரிமை 2002-இல் உறுதியாயிற்று. ஆகவே பயணம் செல்வோர் அந்நிலத்தாரிடம் முன்கூட்டியே இசைவு பெறுகின்றனர். செல்லக்கூடாத இடங்களும் உண்டு. எரிபொருள் கணக்கைப் போன்றே இதுவும் திட்டத்தின் பகுதி; இசைவு கிடைக்கும்வரை புறப்படும் நாளைக் குறித்துப் பயனில்லை.

அம்மக்களின் மொழிகளில் வற்றாத ஊற்றுக்கு ‘ஜிலா’ என்றும், மணலில் தோண்டிப் பெறும் ஊற்றுக்கு ‘ஜுமு’ என்றும் பெயர். 2010-இல் கான்பெராவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் ‘யிவாரா குஜு’ என்னும் கண்காட்சி நடந்தது. ‘ஒரே பாதை’ என்பது அதன் பொருள். பாலைநில ஓவியர்கள் தம் நீரிடங்களை அங்கே வண்ணங்களில் தீட்டிக் காட்டினர். எரிபொருளுக்காகப் பயணிகள் வரைபடத்தில் முதலில் வட்டமிடும் 33-ஆம் எண் கிணறு, அம்மக்களுக்கு என்றும் குனவரிட்ஜி.