திரும்பி வந்தவரின் கணக்கு

கேள்வி: ரத்ததான முகாமில் விரலில் குத்திப் பார்த்து, "ரத்தம் குறைவு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு என் விவரத்தை எதற்குக் குறித்துக்கொண்டார்கள்?
– வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: தானம் தர ஹீமோகுளோபின், டெசிலிட்டருக்கு 12.5 கிராமாவது வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் அதிகம் திரும்புகிறார்கள் என்று அந்த விவரங்கள் உள்ள குறிப்பேட்டைக் கூட்டிப் பார்த்தால், இரும்புச்சத்து மாத்திரை முதலில் எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். பார்க்காமல் அலமாரியில் வைப்பது பெரும் இழப்பு. எந்த மாதம் எந்த வகை ரத்தம் எத்தனை பை செலவானது என்ற கணக்கும் அப்படித்தான். ரத்தத் தட்டணுக்கள் 5 நாள்தான் தாங்கும் என்பதால், எப்போது எவ்வளவு சேர்ப்பது என்பதை அந்தக் கணக்குதான் சொல்லும். ரத்த வங்கிகளின் இன்றைய இருப்பை இ-ரக்த்கோஷ் இணையதளத்தில் பார்க்கலாம். உங்கள் ஹீமோகுளோபின் அளவைக் கேட்டு வாங்கி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், அம்மா. சரியானதும் அடுத்த முகாமுக்குத் தயங்காமல் போங்கள்.