முள்ளந்தண்டும் கொழுந்துக் கூடையும்



எலும்பு என்றதும் நம்மில் பலருக்கு மயானம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. காய்ந்துபோன, உயிரில்லாத சாமான் என்று நினைத்துவிடுகிறோம். உடம்புக்குள் இருக்கும் எலும்பு அப்படியல்ல. அதற்குள் இரத்தம் ஓடுகிறது, நோவு தெரிகிறது, உடைந்தால் தானே ஒட்டிக்கொள்கிறது. வளர்ந்த ஒருவருக்கு வருடத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பழைய எலும்பு கரைந்து, அந்த இடத்தில் புது எலும்பு உண்டாகிறது. லயத்துக் கூரைக்குத் தகரம் மாற்றுவதற்கு எத்தனை தடவை மனுக் கொடுக்கிறோம்! உடம்பு யாரையும் கேட்காமல் தன் கூரையைத் தானே திருத்திக்கொள்கிறது.

பிறந்த பிள்ளைக்கு ஏறக்குறைய 300 எலும்புகள் இருக்கும். வளர வளரச் சில ஒன்றோடொன்று சேர்ந்து, பெரியவர்களுக்கு 206 ஆகிவிடும். இதில் பாதிக்கு மேல் கையிலும் காலிலும்தான். மணிக்கட்டோடு சேர்த்து ஒரு கையில் 27, ஒரு பாதத்தில் 26, நான்கையும் கூட்டினால் 106. இத்தனை சின்ன எலும்புகள் சேர்ந்து அசைவதால்தான் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துக் கிள்ளமுடிகிறது. மண்டையோடு மூளைக்குப் பெட்டி. 12 சோடி விலா எலும்புகள் நெஞ்சுக்கும் ஈரலுக்கும் வேலி. தொடை எலும்புதான் எல்லாவற்றிலும் நீளமானது.

எலும்பில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கின்றன. ஒன்று கல்சியம் சேர்ந்த உப்பு, அது கடினத்தைக் கொடுக்கிறது. மற்றது நார்போன்ற புரதம், அது முறியாமல் வளையும் தன்மையைக் கொடுக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சுத்தமாகக் கழுவிய கோழிக்கால் எலும்பை ஒரு போத்தல் வினாகிரியில் போட்டு, ஒரு கிழமை வையுங்கள். கல்சியம் கரைந்துபோய், எலும்பு இறப்பர் போல வளையும். எலும்பை அடுப்பில் நன்றாகச் சுட்டாலோ, புரதம் எரிந்துபோய் கையால் நசுக்க மாவாகும். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் எலும்பு.

உடம்பிலுள்ள கல்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதி ஒரு பங்கு இரத்தத்திலும் தசையிலும் நிற்கிறது. அது குறைந்தால் இருதயம் ஒழுங்காகத் துடிக்காது. ஆகவே சாப்பாட்டில் வராத கல்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். கைமாற்று வாங்குகிற மாதிரித்தான். முப்பது வயது வரைக்கும் சேர்த்துவைத்ததே பெரும்பாலும் நம்ம முதல். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இது வேகமாகக் குறையும். வழுக்கி விழுந்த பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிவது சும்மா அல்ல.

இதற்கு விலை கூடிய பால்மா மட்டும்தான் வழி என்று யாரும் நினைக்கவேண்டாம். குரக்கன் ரொட்டியில் நிறையக் கல்சியம் இருக்கிறது. முள்ளோடு மென்று சாப்பிடும் நெத்தலியிலும், முருங்கைக் கீரையிலும், எள்ளிலும் இருக்கிறது. கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்க்குத் திரிபோஷ கொடுத்தால் அது அந்தத் தாய்க்குத்தான். வீட்டில் ஆளுக்கொரு உருண்டை பிடித்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் அவளுக்கு வெறும் பைதான் மிஞ்சுகிறது. வயிற்றுப் பிள்ளையின் எலும்பெல்லாம் அவள் கொடுக்கும் கல்சியத்தில் கட்டப்படுவது என்பதை வீட்டு ஆம்பிளைகளும் மாமியார்மாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சில எலும்புகளுக்கு உள்ளே இருக்கும் சிவப்பு மச்சையில்தான் இரத்தத்தின் சிவப்பு அணுக்கள் உற்பத்தியாகின்றன. ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 20 இலட்சம்! அந்த ஸ்டோருக்கு இரும்புச்சத்துத்தான் கொழுந்து. கொழுந்து வராவிட்டால் மெஷின் ஓடாது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்டீ, சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். நாம் பறித்த தேயிலைதான், ஆனாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி முள்ளந்தண்டுக்கு வருவோம். மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் முக்கியம்.

கழுத்தில் 7, நெஞ்சுக்குப் பின்னால் 12, இடுப்பில் 5 என்று 24 முள்ளெலும்புகள் தனித்தனியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதற்குக் கீழே உள்ளவை ஒன்றாக ஒட்டியிருக்கும். (கழுத்தில் ஏழு என்பது நமக்கு மட்டுமல்ல, பசுவுக்கும் ஆட்டுக்கும் ஏழுதான்.) நடுவிலுள்ள துவாரம் வழியாக மூளையிலிருந்து வரும் நரம்புத்தண்டு இறங்குகிறது. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோலத் தட்டுகள் இருக்கின்றன. சுற்றிவர நார், நடுவில் பசைபோன்ற பொருள். பகல் முழுக்கப் பாரம் தாங்கும்போது அவற்றிலிருந்து தண்ணீர் கசிந்து, இரவு படுத்தால் திரும்ப ஊறுகிறது. அதனால் காலையில் நாம் எல்லோரும் ஒரு சென்றிமீற்றர் அளவு உயரம் கூட.

தலையில் கயிறு மாட்டிக் கூடையைத் தொங்கப்போட்டால் பாரம் முதலில் கழுத்தின் ஏழு எலும்புகளில் இறங்குகிறது. கூடை பின்னுக்கு இழுக்க, உடம்பு முன்னுக்குச் சாய்கிறது. மழை நாளில் இலையோடு தண்ணீரும் சேர்ந்து பாரம் ஏறும். நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கிலோவைக் கழிக்கிறார்கள். முள்ளந்தண்டு எதையும் கழிப்பதில்லை, முழுவதையும் சுமக்கிறது. கூடை நிறையும்வரை காத்திராமல் நேரத்தோடு நிறுவைக்குக் கொண்டுபோக வழி செய்யும்படி கேட்பதில் தவறேயில்லை. தோளில் இரண்டு பட்டி போட்டு மாட்டும் பை கிடைத்தால் கழுத்துக்கு நல்லது.

சாமான் தூக்கும்போது ஒரு கணக்கு இருக்கிறது. அலவாங்கால் கல் புரட்டியவர்களுக்கு அது உடனே விளங்கும். முதுகுத் தசை முள்ளந்தண்டிலிருந்து ஏறக்குறைய 5 சென்றிமீற்றர் தூரத்தில் நின்று இழுக்கிறது. 10 கிலோ தண்ணீர் வாளியைக் கையை நீட்டி 50 சென்றிமீற்றர் தூரத்தில் தூக்கினால், தசை அதைப்போல் பத்து மடங்கு, அதாவது 100 கிலோ அளவுக்கு இழுக்கவேண்டும். அதே வாளியை உடம்போடு அணைத்து 20 சென்றிமீற்றரில் பிடித்தால் 40 கிலோ போதும். முழங்காலை மடக்கிக் குந்தி, அணைத்துப் பிடித்து எழும்புங்கள் என்று டிஸ்பென்சரியில் சொல்வது இதனால்தான். குனிந்தபடியே இடுப்பைத் திருப்பித் தூக்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம். தட்டின் நார் கிழிந்து உள்ளே இருக்கும் பசை பிதுங்கி நரம்பை அழுத்தினால், நோவு பிட்டத்திலிருந்து கால்விரல் வரைக்கும் மின்சாரம் போல் ஓடும்.

“இடுப்பு விட்டுப்போச்சு, இனி எழும்ப ஏலாது” என்று மாதக்கணக்காகப் படுக்கையில் கிடக்கவேண்டாம். பெரும்பாலான முதுகுநோவு சில கிழமைகளில் தணிந்துவிடும். பாரம் தூக்காமல் மெதுவாக நடமாடிக்கொண்டிருப்பதே நல்லது. ஆனால் காலில் பலம் குறைந்தால், இரண்டு தொடைகளுக்கும் நடுவில் மரத்துப்போனால், சலம் மலம் அடக்கமுடியாமல் போனால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

மலையில் யாராவது உருண்டு விழுந்தால் நாம் செய்யும் முதல் வேலை, கம்பளியில் நாலுபேர் பிடித்துத் தூக்கி லொறியில் போடுவது. நல்ல மனதோடுதான் செய்கிறோம். ஆனால் கம்பளியில் உடம்பு நடுவில் தொய்ந்து மடங்கும். முள்ளெலும்பு முறிந்திருந்தால் அந்த மடிப்பிலேயே நரம்புத்தண்டு அறுபட்டு, கால் இரண்டும் விளங்காமல் போகலாம். ஆளை அசைக்காமல், தலையை இரண்டு பக்கமும் கையால் பிடித்தபடி, 1990 இலக்கத்துக்குப் போன் செய்யுங்கள். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்துப் பிறகு நாடெங்கும் வந்த சுவசெரிய அம்புலன்ஸ் அது, காசு கேட்பதில்லை. வண்டி வரமுடியாத பாதையென்றால், தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க, நாலைந்து பேர் சேர்ந்து ஒரே தடவையில் புரட்டி, ஒரு கதவுப் பலகையில் கிடத்திக் கட்டுங்கள். கை கால் முறிந்தால் இழுத்து நேராக்காதீர்கள், தடவாதீர்கள். கிடக்கிறபடியே கவ்வாத்துக் குச்சியோ மட்டையோ வைத்து, மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதபடி துணியால் கட்டுங்கள். விரல் நுனி குளிர்ந்து நீலமானால் கட்டை உடனே தளர்த்துங்கள்.

வேலை நேரத்தில் நடந்த விபத்து என்றால் எந்த நாள், எந்த மலை, யார் பார்த்தார்கள் என்பதை அன்றைக்கே தோட்டத்து ஆபீஸில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். 1934 ஆம் ஆண்டு 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி நட்டஈடு கேட்கப்போகும்போது, ஆஸ்பத்திரித் துண்டோடு அந்த எழுத்தும் தேவைப்படும்.