அயல் மாநிலத்தில் நம் அரிசி



பிழைப்பை நாடி அயல் மாநிலம் போனவர்கள் இல்லாத தெரு நம்மிடையே அரிது. ஒருவர் கட்டட வேலைக்குக் கேரளம் போகிறார். மற்றொருவர் மும்பைக்குப் போகிறார். புறப்படும் நாளில் துணிமணி கட்டுகிறோம், ஊறுகாய் கட்டுகிறோம். வீட்டு ரேஷன் கார்டைப் பற்றி மட்டும் யாரும் நினைப்பதில்லை. “ஊரை விட்டுப் போனால் அரிசியும் போச்சு” என்று அநேகர் எண்ணிக்கொள்கிறார்கள். இன்னும் சிலர், போகிற இடத்தில் புதுக் கார்டு வாங்கலாம் என்று இங்குள்ளதை அவசரப்பட்டு ஒப்படைத்துவிட்டு, அதுவும் இல்லாமல் இதுவும் இல்லாமல் தவிக்கிறார்கள். இந்த இரண்டு தவறும் நம் வீடுகளில் நேராதிருக்கவே இப்பாடம். நிதானமாய் வாசியுங்கள். எழுத்து வாசனை இல்லாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

1. இந்த அரிசி யாருடையது?

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்னுரிமைக் குடும்பத்தில் ஒவ்வொரு நபருக்கும் மாதம் 5 கிலோ தானியம் உண்டு. பரம ஏழைகளுக்கான அந்தியோதயா கார்டுக்குக் குடும்பத்துக்கு 35 கிலோ. 2023 ஜனவரி முதல் இதற்கு விலையும் இல்லை. 2024 ஜனவரியிலிருந்து மேலும் ஐந்தாண்டுகளுக்கு இலவசமாகவே தொடரும் என்று மத்திய அரசு தீர்மானித்திருக்கிறது. ஆகவே இது எவரும் போடும் பிச்சை அல்ல. சட்டம் தந்த உரிமை. கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முன்னாளில் ஒரு கார்டு ஒரு கடையோடு கட்டப்பட்டிருந்தது. ஆள் வெளியூர் போனால் கார்டு ஊரில் தூங்கும். 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் ஊரெல்லாம் அடைத்தபோது, வேலையிழந்த தொழிலாளிகள் பட்ட பாட்டை நாம் கண்டோம். சொந்த ஊரில் கார்டு இருந்தும், நின்ற ஊரில் அரிசி வாங்க வழியில்லாதவர்கள் அவர்களில் அநேகர். “ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு” என்னும் திட்டம் 2019 ஆகஸ்டில் நான்கு மாநிலங்களில் தொடங்கியது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. எல்லா மாநிலங்களும் இதை நிறைவேற்றவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் கட்டளையிட்டது. 2022 ஜூனில் கடைசியாக அசாமும் சேர்ந்தது. இன்று இந்தியாவின் எந்த மாநிலத்து ரேஷன் கடையிலும் உங்கள் பங்கைக் கேட்கலாம்.

2. எந்தக் கார்டு எல்லை தாண்டும்?

இங்கேதான் நம்மவர் ஏமாந்துபோகிறார்கள். தமிழ்நாட்டில் முன்னுரிமை இல்லாத குடும்பங்களுக்கும் மாநில அரசு தன் செலவில் அரிசி தருகிறது. ஆகையால், “எனக்கு அரிசிக் கார்டுதானே, எங்கும் செல்லும்” என்று நம்பிப் போகிறார்கள். அது செல்லாது. மத்திய சட்டத்தின் கீழ் வரும் முன்னுரிமைக் கார்டும் அந்தியோதயா கார்டும் மட்டுமே எல்லை தாண்டும்.

இதை அறிவது எளிது. கார்டில் வகை ஆங்கில எழுத்தில் குறித்திருக்கும். “பி.எச்.” என்று தொடங்கினால் அயல் மாநிலத்திலும் செல்லும். “என்.பி.” என்று தொடங்கினால் தமிழ்நாட்டுக்குள் மட்டுமே. தமிழ்நாட்டுக்குள் வேறு ஊர் போகிறவர்கள், இருக்கும் இடத்துக் கடையிலேயே பொருள் வாங்க வழியுண்டு.

இன்னொன்று: எல்லை தாண்டுவது தானியம் மட்டுமே. நம் மாநிலம் தரும் சர்க்கரை, துவரம் பருப்பு, பாமாயில் ஆகியவை அங்கே கிடையா. தானியத்திலும் அந்த மாநிலத்தில் எது வழங்கப்படுகிறதோ, அரிசியோ கோதுமையோ, அதுவே கிடைக்கும்.

3. கடையில் செய்ய வேண்டியது

கார்டைக் கையோடு கொண்டுபோக வேண்டிய அவசியமில்லை. கார்டு எண்ணோ ஆதார் எண்ணோ போதும். கடைக்காரர் அதை மிஷினில் பதிந்து, விரல் வைக்கச் சொல்வார். கார்டில் பெயருள்ள எவரும் விரல் வைக்கலாம். ஆனால் அவருடைய ஆதார் முன்னதாகவே கார்டில் இணைந்திருக்க வேண்டும். கல்லும் சிமெண்டும் தொட்டுத் தேய்ந்த விரலில் ரேகை பதியாமல் போவதுண்டு. பதறாமல் கையைக் கழுவித் துடைத்து, வேறு விரலை வைத்துப் பாருங்கள்.

கடைக்காரர் “வெளிமாநிலக் கார்டுக்கு இல்லை” என்று திருப்பி அனுப்பினால் சண்டை வேண்டாம். சும்மா திரும்பவும் வேண்டாம். 14445 என்ற இலவசத் தொலைபேசி எண் இதற்காகவே இருக்கிறது. அதில் முறையிடலாம்.

4. ஒரே கார்டு, இரண்டு அடுப்பு

இதுவே பாடத்தின் நடு. பாட்டி, தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேர் உள்ள ஒரு முன்னுரிமைக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாதம் 25 கிலோ அவர்கள் பங்கு. தகப்பனும் தாயும் எர்ணாகுளத்தில் வேலைக்கு இருக்கிறார்கள். பாட்டியும் பிள்ளைகளும் ஊரில் இருக்கிறார்கள். சட்டம் இவர்களுக்கு வழி வைத்திருக்கிறது: அங்கே 10 கிலோ வாங்கலாம், மீதி 15 கிலோவை இங்கே வாங்கலாம். ஒரே கார்டில் இரண்டு இடத்து அடுப்பும் எரியும்.

ஆனால் மிஷினுக்கு மனிதர் தெரியாது. கணக்கு மட்டுமே தெரியும். மாதத் தொடக்கத்தில் தகப்பன் அங்கே 25 கிலோவையும் வாங்கிவிட்டால், இங்கே வரிசையில் நின்ற பாட்டி வெறும் பையோடு திரும்புவாள். தகப்பன் கெட்டவனல்லன், முன்கூட்டிப் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவே. ஆகவே புறப்படும் முன்பே, யார் எத்தனை கிலோ, எந்த வாரத்தில் என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். கடையில், “எங்களுக்கு இத்தனை கிலோ மட்டும் போதும்” என்று சொல்லி வாங்குங்கள்.

5. ஒரேயடியாகக் குடிபெயர்ந்தால்

சில மாத வேலைக்கோ, சில வருஷ வேலைக்கோ போகிறவர்கள் கார்டை ஒப்படைக்க வேண்டியதில்லை. அவசரம் ஆபத்து. ஏனெனில் ஒவ்வொரு மாநிலத்திலும் இத்தனை பேருக்குத்தான் என்று 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை வைத்து வரம்பு குறித்திருக்கிறார்கள். புது மாநிலத்தில் அந்த வரம்பு நிரம்பியிருந்தால், இங்கே முன்னுரிமையில் இருந்தவர் அங்கே வெளியே நிற்க நேரிடும்.

வீடு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் அங்கேயே என்று உறுதியானபின், வட்ட வழங்கல் அலுவலகத்தின் வழியாகக் கார்டை முறைப்படி ஒப்படைத்து, அதற்குரிய சான்றிதழ் பெற்று, அங்கே விண்ணப்பியுங்கள். மணமாகிப் போகும் பெண்ணுக்கும் அவ்விதமே: பிறந்த வீட்டுக் கார்டில் பெயர் நீக்கிய பின்னரே புகுந்த வீட்டுக் கார்டில் பெயர் ஏறும். ஒருவர் பெயர் இரண்டு கார்டில் இருப்பது சட்டவிரோதம். இன்னொரு ஏழையின் இடத்தை அடைத்துக்கொள்வதும் ஆகும்.

6. வினா விடை

வினா: இம்மாதம் வாங்காத அரிசியை அடுத்த மாதம் சேர்த்துக் கேட்கலாமா?
விடை: பொதுவாக முடியாது. அந்தந்த மாதப் பங்கை அந்தந்த மாதமே வாங்கவேண்டும்.

வினா: புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கும் பங்கு உண்டா?
விடை: முன்னுரிமைக் கார்டில் பெயர் சேர்ந்தால்தான் அக்குழந்தையின் 5 கிலோ கணக்கில் வரும். ஊரில் இருக்கும்போதே அதற்கு விண்ணப்பியுங்கள்.

வினா: மத்தியப் பங்குத் தானியத்துக்கு அங்கே காசு கேட்டால்?
விடை: கொடுக்க வேண்டியதில்லை. ரசீது கேளுங்கள், 14445-இல் சொல்லுங்கள்.

இவ்வாரம் செய்ய வேண்டியது

இன்று பூசை முடிந்து வீடு திரும்பியதும் கார்டை எடுங்கள். முதலாவது, எந்த வகை என்று பாருங்கள். இரண்டாவது, அதன் எண்ணை ஒரு தாளில் எழுதி, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிவியுங்கள். மூன்றாவது, ஒவ்வொருவர் ஆதாரும் இணைந்திருக்கிறதா என்று நம் கடையிலேயே விசாரியுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் ஊர் மில்லிலும் கட்டடத்திலும் வேலை செய்யும் பீகார், ஒடிசாக்காரர்களுக்கும் இதே உரிமை நம் தெருக் கடையில் உண்டு. மொழி தெரியாமல் கடைவாசலில் தயங்கி நிற்கும் அந்தப் பிள்ளையை அழைத்துப்போய்க் கடைக்காரரிடம் சொல்லுங்கள். எர்ணாகுளத்தில் நம் பிள்ளைக்கு யாராவது அப்படிச் செய்யமாட்டார்களா என்று நாமும் ஏங்குகிறோம் அல்லவா?