மய்யித்துப் பரிசோதனையும் எடுத்து வைக்கும் துணுக்குகளும்

நம் வீட்டில் ஒரு மௌத்து நேர்ந்தால், குளிப்பாட்டி, கபனிட்டு, ஜனாஸாத் தொழுது, தாமதமின்றி அடக்கிவிட வேண்டும் என்பதே நம் எண்ணமெல்லாம். அந்த அவசரத்திலே ஆஸ்பத்திரியார் ஒரு காகிதத்தை நீட்டினால் படித்துப் பாராமல் கையெழுத்திடுவோரும் உண்டு. "அறுப்பதா, கூடவே கூடாது" என்று சப்தமிடுவோரும் உண்டு. இரண்டும் விஷயம் தெரியாமையால் வருவன. ஆகவே இதனை இம்மாதப் பாடமாக எடுத்துக் கொண்டோம்.

பரிசோதனை இரு வகைப்படும். விபத்து, கொலை, காரணம் விளங்காத திடீர் மரணம் முதலியவை மரண விசாரணை நீதிபதியின் பொறுப்பில் வருவன. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி பரிசோதனை வேண்டுமா என முடிவு செய்பவர் அவரே. அங்கே நம் சம்மதம் தேவையில்லை. புக்கிட் மேரா வட்டாரத்தில், ஊட்ரம் பகுதிப் பொது மருத்துவமனை வளாகத்துப் பிணவறைக்கு நம்மவர் சென்று காத்திருப்பது பெரும்பாலும் இதற்காகத்தான். எனினும், நம் ஆட்சேபத்தை மரியாதையுடன் எடுத்துச் சொல்ல யாதொரு தடையுமில்லை.

மற்றொன்று, நோயைப் பற்றி மேலும் அறிய டாக்டர்கள் செய்ய விரும்புவது. இதற்குக் குடும்பத்தார் சம்மதம் அவசியம். (இது உறுப்பு தானமன்று. 2008 முதல் முஸ்லிம்களையும் உட்படுத்திய உறுப்பு மாற்றுச் சட்டம் வேறு. பலர் இரண்டையும் போட்டுக் குழப்புகின்றனர்.)

எடுத்து வைக்கப்படுவது என்ன? பெரும்பாலும் தபால் தலை அளவுத் துணுக்குதான். அதனைப் பார்மலின் திரவத்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, காகிதத்தினும் மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள். மெழுகுக் கட்டியும் தகடும் பல வருஷங்கள் கெடாமலிருக்கும். மூளையின் விஷயம் வேறு. அது மிருதுவானது, நுணுகி ஆராய வேண்டுமாயின் பார்மலினில் சில வாரங்கள் கிடந்து இறுகிய பின்பே அறுக்க இயலும். அப்படியானால் மய்யித்து முன்னே கபுறுக்குப் போய்விட, மூளை பின்தங்கிவிடும். இதனை முன்கூட்டியே கேட்டறியாதவர் எத்தனை பேர்!

இதனால் நன்மை இல்லாமலில்லை. 1918-இல் உலகையே வாட்டிய விஷக் காய்ச்சலில் மாண்ட ஓர் அமெரிக்கச் சிப்பாயின் நுரையீரல் துணுக்கு மெழுகில் கிடந்தது. சுமார் 79 வருஷங்களுக்குப் பின், 1997-இல், அதிலிருந்தே அக்கிருமியின் மரபுக் கூறுகளை விஞ்ஞானிகள் கண்டறிந்தனர்.

தீமையும் கேளுங்கள். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஆல்டர் ஹே என்ற குழந்தைகள் ஆஸ்பத்திரியில், சுமார் 850 குழந்தைகளின் உறுப்புகள் 2000-க்கும் மேற்பட்ட ஜாடிகளில் பெற்றோர் அறியாமல் வைக்கப்பட்டிருந்தன. 1999-இல் இது அம்பலமாயிற்று; 2001-இல் விசாரணை அறிக்கை வந்தது. அடக்கிய பிள்ளைக்கே இரண்டாம் முறை, மூன்றாம் முறை அடக்கம் செய்த பெற்றோரும் உண்டு. பிறகுதான் அந்நாட்டில் 2004-இல் சம்மதத்தை அடிப்படையாக வைத்துச் சட்டம் இயற்றினர். நம் சிங்கப்பூரிலும் உயிரியல் நெறிமுறை ஆலோசனைக் குழு 2002-இல் மனிதத் திசு ஆராய்ச்சி பற்றி அறிக்கை தந்தது. 2015-ஆம் ஆண்டுச் சட்டமோ மனிதத் திசுவை விற்பதையும் வாங்குவதையும் தடுத்துள்ளது.

மார்க்கம் என்ன சொல்கிறது? மக்காவில் ராபிதாவின் பிக்ஹு சபை 1987-இல் கூடி ஆராய்ந்து, குற்றத்தை விசாரிக்கவும், நோயை அறியவும், வைத்தியம் கற்பிக்கவும் பரிசோதனை ஆகுமென்று தீர்மானித்தது. ஆனால் தேவைக்கு மேல் அறுக்கலாகாது. பெண் டாக்டர் கிடைக்கும்போது பெண்களின் மய்யித்தை அவர்களே பரிசோதிக்க வேண்டும். அறுத்த பாகங்கள் யாவும் அடக்கப்பட வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. மூன்றாவது நிபந்தனையைத்தான் நாம் மறந்து விடுகிறோம்.

நம் கிட்டங்கியில் ஒருவர் ஒரு மூட்டை மிளகை அமானிதமாக வைத்தால்கூட ரசீது கேட்கிறார். அதேபோல் நாமும், எந்தப் பாகம் எடுக்கப்படும், துணுக்கா முழு உறுப்பா, எவ்வளவு காலம் வைப்பார்கள், ஆராய்ச்சிக்கும் பயன்படுமா, வேலை முடிந்தபின் நம்மிடம் தருவார்களா என்று கேட்க வேண்டும். நம் சம்மதத்தைக் கேட்கும் பரிசோதனையானால், நாம் வைக்கும் வரம்பையும் காகிதத்திலேயே எழுதச் சொல்லி ஒரு பிரதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் தெரியாதவர் மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்பதில் வெட்கமில்லை.

பின்னர் திரும்பக் கிடைக்கும் பாகத்தை அடக்கும் முறையை ஆலிமிடம் தெரிந்துகொண்டு, சுவா சூ காங் மையவாடி அலுவலகத்திற்கும் முன்னதாகவே சொல்லி வைப்பது நலம்.