மூன்று மரையாணிகள்

பறந்துகொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டால் ஹெலிகாப்டர் கல்லைப் போல விழுந்துவிடும் என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படி விழாது. இறங்கும்போது கீழிருந்து எதிர்த்து வரும் காற்றே தலைமேல் உள்ள சுழலியைச் சுற்றவைக்கும், நாம் கையில் பிடித்து ஓடும் ஓலைக் காற்றாடியைப் போல. அந்தச் சுழற்சியைக் கொண்டே தேர்ந்த விமானி பத்திரமாகத் தரையிறக்கிவிடுவார்.

ஆகவே எஞ்சினைவிட அதிகமாக அஞ்ச வேண்டிய பாகங்கள் வேறு உள்ளன. பெரிய சுழலி, அதைத் தாங்கும் தண்டு, வால் சுழலி, கியர் பெட்டி முதலியவை அவை. இவற்றில் ஒன்று பழுதானால் அதன் வேலையைச் செய்ய இன்னொன்று கிடையாது. ஹெலிகாப்டரின் உயிர்நிலைகள் என்றே இவற்றைச் சொல்லலாம்.

சில ஹெலிகாப்டர்களில் சுழலியைத் தண்டின் உச்சியில் பிடித்துவைத்திருப்பது ஒரே ஒரு பெரிய நட்டுதான். வியட்நாம் போர்க்காலத்து அமெரிக்க வீரர்கள் அதற்கு 'இயேசு நட்டு' என்று பெயரிட்டார்களாம். அது கழன்றால் ஆண்டவரைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று பொருள். இதைக் கேட்டதும் எங்களில் சிலர் சிரித்தோம். சிலருக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. அதில் ஏறிப் பறந்தவர்கள் விளையாட்டுக்காக மட்டும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று பிறகு தோன்றியது.

ஆனால் ஆபத்து அவ்வளவு பெரிய நட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. சிக்கோர்ஸ்கி எஸ்-92 என்னும் ஹெலிகாப்டரைப் பார்ப்போம். அதன் எஞ்சின் டர்பைன் நிமிடத்திற்கு 20,000 சுற்றுகளுக்கு மேல் சுற்றுகிறது. பெரிய சுழலியோ 300 சுற்றுக்கும் குறைவாகவே சுற்ற வேண்டும். நடுவில் நின்று வேகத்தைக் குறைத்துக் கொடுப்பது கியர் பெட்டி. வால் சுழலிக்கும் அங்கிருந்தே ஆற்றல் செல்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, பெரிய சுழலி ஒருபுறம் சுற்றினால் உடற்பகுதி மறுபுறம் சுற்ற முயலும். அதைத் தடுப்பதே வால் சுழலியின் வேலை. இந்த ஹெலிகாப்டருக்கு எஞ்சின்கள் இரண்டு, கியர் பெட்டி ஒன்றுதான்! உயவு எண்ணெய் இல்லாமற் போனால் பற்சக்கரங்கள் உராய்ந்து, சூடேறி, தேய்ந்து போகும்.

அந்த எண்ணெயைச் சுத்தம் செய்யும் வடிகட்டியின் கிண்ணம் கியர் பெட்டியோடு மூன்று டைட்டேனிய மரையாணிகளால் இணைக்கப்பட்டிருந்தது. வடிகட்டியை மாற்றும்போதெல்லாம் நட்டுகளைக் கழற்றி மாட்ட வேண்டும். எதிர்பார்த்ததைவிட அதிகத் தடவை மாற்ற நேர்ந்ததாலும், பழைய நட்டுகளையே திரும்பப் பயன்படுத்தியதாலும் மரைகள் உரசிச் சிதைந்தன. சிதைந்த மரையில் நட்டை முறைப்படி முறுக்கினாலும் தேவையான இறுக்கம் கிடைக்காது. பராமரிப்புக்காகச் செய்த வேலையே பாகத்தைப் பலவீனமாக்கிவிட்டது என்பதுதான் நம்மை வியக்கவைக்கிறது.

2009 மார்ச் 12 அன்று கனடாவின் செயின்ட் ஜான்ஸ் நகரிலிருந்து இத்தகைய ஹெலிகாப்டர் ஒன்று 18 பேருடன் கடலில் உள்ள ஹைபெர்னியா எண்ணெய் மேடைக்குப் புறப்பட்டது. 9,000 அடி உயரத்தில், விமான நிலையத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், எண்ணெய் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தது. மூன்று மரையாணிகளில் இரண்டு முறிந்து எண்ணெய் வெளியேறிவிட்டது. விமானிகள் 800 அடிக்கு இறங்கி, நகரை நோக்கித் திரும்பினர். உடனே கடலில் இறங்கியிருக்கலாமே என்று இங்கு உட்கார்ந்து கேட்பது எளிது. மார்ச் மாதத்து வட அட்லாண்டிக் நீரில் மனிதன் எவ்வளவு நேரம் தாங்குவான்? ஏறக்குறைய 10 நிமிடங்களில் வால் சுழலியை இயக்கும் பற்சக்கரத்தின் பற்கள் சிதைந்தன. இப்போது எஞ்சினை நிறுத்தியே தீர வேண்டும். அவ்வளவு தாழ்ந்த உயரத்திலோ சமாளித்து இறக்க அவகாசம் இல்லை. ஹெலிகாப்டர் வேகமாக இறங்கிக் கடலில் மோதி, 169 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. 17 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். ஒருவர் மட்டும் பிழைத்தார்.

எண்ணெய் இழந்த கியர் பெட்டி 30 நிமிடம் ஓட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. 2002இல் நடந்த சோதனையில் இந்தக் கியர் பெட்டி சுமார் 11 நிமிடமே தாங்கியது. எண்ணெய்க் குளிரூட்டியின் பக்கம் கசிந்தால் தடுப்பதற்கு மட்டும் ஓர் ஏற்பாடு செய்தனர். வேறு வழியில் எண்ணெய் போவது மிக மிக அரிது என்ற விதிவிலக்கின்படி அனுமதி பெற்றனர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2008 ஜூலையில் ஆஸ்திரேலியாவில் ஓர் எஸ்-92இல் இதே மரையாணிகள் முறிந்தன. அது தப்பித் தரையிறங்கியது. அதன்பின் 2009 ஜனவரியில், டைட்டேனியத்துக்குப் பதிலாக எஃகு மரையாணிகளைப் பொருத்தும்படி தயாரிப்பாளர் அறிவித்தார். அதற்குத் தரப்பட்ட தவணை 1,250 பறக்கும் மணி அல்லது ஓர் ஆண்டு. கனடாவில் விபத்து நடந்தது இரண்டு மாதத்துக்குள். மார்ச் 23 அன்று அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை அவசர ஆணை பிறப்பித்தது: மரையாணிகளை மாற்றாமல் எந்த எஸ்-92உம் இனி ஒருமுறைகூடப் பறக்கக் கூடாது.