கொங்கு நாட்டுக் கத்திகள்: பெயரும் வடிவும்

பெயர்ச்சொற்களை இடுகுறி, காரணம் என இருவகைப்படுத்துவது தமிழ் இலக்கண மரபு. கொல்லர் பட்டறையில் பிறக்கும் கருவிகளின் பெயர்களுள் பல காரணப்பெயர்களே. கொங்கு மக்கள் கையாளும் மூன்று கருவிகளை ஒப்பிட்டு இதனை ஈண்டுக் காண்போம்.

முதலாவது கொடுவாள். 'கொடு' என்பது வளைவைக் குறிக்கும். அகன்று கனத்த அலகு, உள்நோக்கி வளைந்த மூக்கு, உட்புறக் கூர்மை, குறுகிய மரப்பிடி ஆகியன இதன் இயல்புகள். வேலி முள்ளை மூக்கால் இழுத்து, அலகின் கனத்தால் வெட்டுதற்கு இவ்வடிவே ஏற்றது.

இரண்டாவது கருக்கரிவாள். அரிதல் தொழிலால் அரிவாள். பல் வரிசையால் கருக்கரிவாள். பனைமட்டையின் ஓரத்துப் பற்களுக்கும் கருக்கு என்றே பெயர். பிறைபோல் வளைந்த இதன் மெல்லிய அலகு ஓங்கி வெட்டுதற்கன்று. கதிர்த்தாளைப் பிடியாகச் சேர்த்து இழுத்து அறுத்தற்கே உரியது. பல் மழுங்கினால் கொல்லர் உளிகொண்டு மீண்டும் வெட்டித் தருவர்.

மூன்றாவது, பனையேறுவோரின் பாளைக்கத்தி. சீவப்படும் பொருளால் வந்த பெயர் இது. பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லிதாகச் சீவினால்தான் பதநீர் சொட்டும். ஆதலின் இதற்குக் கனம் வேண்டா. மழிகத்தியை ஒத்த கூர்மையே வேண்டும். கொடுவாளால் பாளை சீவ இயலாது. பாளைக்கத்தியால் முள் வெட்டவும் இயலாது.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சி அரிவாளோ பிறந்த ஊரால் பெயர் பெற்றது. இவ்வாறு வடிவு, தொழில், பொருள், இடம் என நால்வகைக் காரணங்களும் கத்திகளின் பெயர்களில் அமைந்துள்ளன.

கொங்கில் இத்தொழில் மிகப் பழைமையானது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடைபெற்ற அகழாய்வுகள் இரும்பு உருக்கிய உலைகளை வெளிப்படுத்தின. இந்திய உருக்கின் புகழ் கடல் கடந்தது. கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த அறிவியலறிஞர் மைக்கேல் ஃபாரடே, 1819இல் அதனைப் பகுத்தாய்ந்து கட்டுரை எழுதினார்.

இன்றைய கொல்லர் பலர் பழைய லாரியின் வில்பட்டைகளைக் காய்ச்சி அடித்தே அலகு ஆக்குகின்றனர். உலோகம் மாறினும் வடிவம் மாறவில்லை. எனவே பெயரும் பொருளோடு நிற்கிறது. ஆயின் அறுவடை இயந்திரம் அரிவாளின் வேலையைக் குறைத்துவிட்டது. பனையேறுவோரும் அருகி வருகின்றனர். கருவி மறையின் பெயரின் காரணமும் மறையும். காரணப்பெயர் வெறும் இடுகுறிபோல் அகராதியில் எஞ்சும்.

மாணவச் செல்வங்களே! விடுமுறையில் ஊர் செல்லும்போது பட்டறையொன்றில் சிறிது நேரம் அமருங்கள். ஒவ்வொரு கத்தியின் பெயரையும், அப்பெயர் வந்த காரணத்தையும் கேட்டு எழுதி வாருங்கள். உலை அவியுமுன் செய்யவேண்டிய தமிழ்ப்பணி அது.